அமெரிக்க வங்காளிகளின் துர்கா பூஜை மேடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்காளி நண்பர்கள் துர்கா பூஜைக்குக் கூப்பிடும்போது அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் சந்தேகங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள், பிள்ளைகளை மேடையேற்றப் போகிறவர்கள், கூடமாட வேலை செய்யப் போகிறவர்கள் எல்லோருக்கும் உதவட்டும் என்று அவற்றைத் தொகுத்திருக்கிறோம். சங்கத்துக்குச் சங்கம் வழக்கம் மாறும். இங்கே சொல்லியிருப்பது பெரும்பாலான இடங்களில் காணும் நடைமுறை.

துர்கா பூஜைன்னா நம்ம நவராத்திரிதானே? அப்புறம் பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் எதுக்கு?

நாட்கள் ஒன்றுதான், கொண்டாடும் மனம் வேறு. நாம் மகாளய அமாவாசை முடிந்ததும் கொலு வைத்து ஒன்பது நாளும் வழிபடுகிறோம். வங்காளிகளுக்குப் பூஜையின் கனமெல்லாம் ஷஷ்டி முதல் தசமி வரையிலான ஐந்து நாட்களில் இருக்கிறது. அவர்களுக்குத் துர்கை அசுரனை வதைத்தவள் மட்டுமல்ல. கயிலாயத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வரும் மகள் உமாவும் அவள்தான். லட்சுமி, சரஸ்வதி, கணேசர், கார்த்திக் என நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். மகளை அழைத்துவரச் சொல்லித் தாய் மேனகை ஏங்கும் பாடல்களுக்கு ‘ஆகமனி’ என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டு ராம்பிரசாத் சென், அவருக்குப் பின் வந்த கமலாகாந்த பட்டாச்சாரியா போன்றவர்கள் பாடிவைத்த மரபு அது.

மகள் வந்திருக்கும் வீட்டில் பாட்டும் கூத்தும் விருந்தும் இல்லாமல் எப்படி? மேடை நிகழ்ச்சி பூஜையோடு சேர்ந்தே வளர்ந்தது. கொல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ 2021 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது, வழிபாடும் கலையும் ஊரும் ஒன்றுசேரும் விழா என்பதால்தான்.

செவ்வாய்க்கிழமை வர்ற அஷ்டமியை சனிக்கிழமை வச்சுக்கறாங்களே, அது சரியா? எந்த நாள் போனா நல்லா பார்க்கலாம்?

வாரநாளில் பள்ளிக்கூட அரங்கு கிடைக்காது, வேலைக்கு விடுப்பும் கிடைக்காது. அதனால் பல சங்கங்கள் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் ஐந்து நாள் பூஜையையும் சுருக்கி முடிக்கின்றன. காளி கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர்களில் திதிப்படி வாரநாளிலேயே செய்வார்கள். திதியிலும் இரண்டு கட்சி உண்டு. நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் இருப்பதுபோல அவர்களிடம் சூரிய சித்தாந்தப் பஞ்சாங்கமும் விசுத்த சித்தாந்தப் பஞ்சாங்கமும் இருக்கின்றன. ஒரே ஊரில் இரண்டு சங்கங்கள் இரண்டு நேரம் சொன்னால் குழம்ப வேண்டாம்.

வெள்ளி மாலை அம்மன் முகத்திரை விலக்கலும், வீட்டுச் சமையலைக் கடை போட்டு விற்கும் ‘ஆனந்தமேளா’வும் இருக்கும். சனி காலை புஷ்பாஞ்சலி, மதியம் கிச்சடிப் பிரசாதம், பிறகு பிள்ளைகள் நிகழ்ச்சி, மாலை ஆரத்தி, அதன்பின் நாடகமும் வெளியூர்ப் பாடகரும். ஞாயிறன்று சிந்தூர் விளையாட்டும் விடைகொடுப்பும். ஒரே நாள்தான் முடியும் என்றால் சனி மதியம் போய் ஆரத்தி முடியும்வரை இருங்கள்.

மேடையில என்னென்ன இருக்கும்?

ரவீந்திர சங்கீதம் எனப்படும் தாகூர் பாடல்கள், கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் பாடல்கள், கவிதை ஒப்புவித்தல், நடன நாடகம், பேச்சு நாடகம், உள்ளூர் இளைஞர்களின் வாத்தியக் குழு. கவிதை ஒப்புவித்தலை ‘ஆப்ருத்தி’ என்பார்கள். அதை ஒரு தனிக் கலையாகவே ஆசிரியர் வைத்துக் கற்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவில் செய்யுள் ஒப்பிப்பதைப்போல நினைத்துவிட வேண்டாம். குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் பெரியவர்களே மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள்.

நடன நாடகம் என்றால் பெரும்பாலும் தாகூர்தான். ‘சித்ராங்கதா’ (1936), ‘சண்டாலிகா’ (1938), ‘ஷ்யாமா’ (1939) மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆடத் தெரிந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், வெறுமனே நிற்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இவற்றில் இடமுண்டு. ஐம்பது குடும்பமே உள்ள சங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது ஆள் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மகாலயான்னு ஒரு நிகழ்ச்சி போடறாங்க. இருட்டுல ஒரு ஆண் குரல் சமஸ்கிருதம் சொல்லுது, எல்லாரும் கண் கலங்கறாங்க. என்ன அது?

அது ‘மகிஷாசுரமர்தினி’ என்ற வானொலி நிகழ்ச்சியின் குரல். 1930-களின் தொடக்கத்திலிருந்து ஆகாசவாணியின் கொல்கத்தா நிலையம் ஒலிபரப்பி வருகிறது. எழுதியவர் பாணி குமார், இசை பங்கஜ் மல்லிக், சண்டி பாராயணம் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. மகாளய அமாவாசை விடியற்காலை 4 மணிக்கு வீடே எழுந்து உட்கார்ந்து கேட்கும். 1976-இல் பத்ராவுக்குப் பதிலாகத் திரை நடிகர் உத்தம் குமாரின் குரலில் வேறு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். மக்கள் கொதித்தெழுந்ததும் பழையதையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நாம் தர்ப்பணம் செய்யும் அதே அமாவாசைதான். அவர்களும் அன்று காலை முன்னோருக்கு நீர் விடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த நிகழ்ச்சியைச் சுருக்கி, பிள்ளைகள் அசுரவதத்தை ஆடிக்காட்டுவதாக மேடையில் போடுவார்கள். அந்த நேரத்தில் கைதட்டாமல், போனை ஒளிரவிடாமல் இருந்தால் போதும்.

அந்தப் பெரிய மேளம் என்ன? ஸ்பீக்கர்ல போட்டா ஆகாதா?

அதன் பெயர் டாக். வாசிப்பவர் டாக்கி. மரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் போர்த்திய பீப்பாய் வடிவ மேளம். தோளில் மாட்டி, மெல்லிய இரண்டு குச்சிகளால் ஒருபக்கம் அடிப்பார்கள். பக்கத்தில் இன்னொருவர் நம் சேகண்டியைப் போன்ற வெண்கலத் தட்டைத் தட்டுவார். அதற்குக் காஷி என்று பெயர். அம்மனை எழுப்ப ஓர் அடி, ஆரத்திக்கு ஓர் அடி, சந்தி பூஜைக்கு ஓர் அடி, அனுப்பிவைக்க ஓர் அடி. கடைசி அடிக்கு வங்காளிகள் சொற்களே பொருத்தி வைத்திருக்கிறார்கள்: “தாக்குர் தாக்பே கொதொக்கோன், தாக்குர் ஜாபே பிஷர்ஜன்”. ‘சாமி இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும், சாமி கரையப் போகிறதே’ என்று பொருள். மேளம் அதைச் சொல்லத் தொடங்கியதும் கூட்டத்தின் முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பதிவு போட்டு ஒப்பேற்றும் இடங்களும் உண்டு. ஆனால் பதிவு பூசாரியின் கையைப் பார்க்காது. ஆரத்தியில் தீபம் மாறி சங்கு, துணி, பூ, சாமரம் என்று ஒவ்வொன்றாக வரும்போது டாக்கி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போவார். அதனால் ஊரிலேயே இரண்டு மூன்று பேர் கற்றுக்கொண்டு வாசிக்கிறார்கள். மிருதங்கமோ தவிலோ தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாளம் சீக்கிரம் பிடிபடும். குச்சிப் பிடிதான் பழக நாளாகும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், முழங்கையால் அடித்தால் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். நிலவறையில் ஒரு வருஷம் கிடந்த மேளத்தின் தோல் ஈரத்தில் தொய்ந்திருக்கும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து வெயில் காட்டி வாரை இழுத்துக் கட்டுங்கள். அன்று காலை எடுத்தால் தொப்தொப்பென்றுதான் கேட்கும்.

துனுச்சி டான்ஸ் நாமும் ஆடலாமா? எப்படித் தயார் பண்றது?

ஆடலாம். ஆண், பெண், வங்காளி, வேற்றார் என்ற பேதம் கிடையாது. துனுச்சி என்பது அடியில் தண்டு வைத்த மண் தூபக்கால். ஒரு துனுச்சிக்கு ஒரு பெரிய தேங்காயின் மட்டை தாராளம். நன்றாகக் காய்ந்த நாரைப் பிரித்து, காற்றுப் புகும்படி நெட்டுக்குத்தாக அடுக்க வேண்டும், அமுக்கித் திணிக்கக் கூடாது. நாலைந்து கற்பூரக் கட்டிகளை இடையில் வைத்துப் பற்றவைத்து, தீ அடங்கிக் கங்காகும்வரை பொறுங்கள். பிறகுதான் ‘துனோ’. அது நம் குங்கிலியம்தான். பொடி செய்து ஒரு தேக்கரண்டி வீதம் தூவினால் வெள்ளைப் புகை கெட்டியாக எழும்.

தவறுவது மூன்று இடத்தில். ஈர நார் என்றால் கண்ணெரியும் கரும்புகைதான் வரும். தீ அடங்குமுன் குங்கிலியம் போட்டால் குப்பென்று சுடர் எழும்பும், முடியும் முந்தானையும் பக்கத்தில் இருக்கும். ஒரே தடவையில் அள்ளிப் போட்டால் குங்கிலியம் உருகி விளிம்பில் வழிந்து கையைச் சுடும். அமெரிக்காவில் மட்டையோடு தேங்காய் கிடைக்காமல் செடிக்கடையில் தொட்டிக்கு விரிக்கும் நார்ப்பாயை வாங்குகிறார்கள். பலவற்றில் ரப்பர் பாலால் ஒட்டியிருப்பார்கள், அந்தப் புகை ஆகாது. ஒட்டாத வெறும் நார்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆடும்போது பருத்திப் புடவை அல்லது வேட்டி. முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். சிந்தடிக் துணி வேண்டவே வேண்டாம். முதல் தடவை ஆடுகிறவர்கள் ஒரு துனுச்சியோடு நிறுத்துங்கள். பல்லில் கடித்து ஆடுவதெல்லாம் பல வருஷப் பழக்கம் உள்ளவர்களுக்கு.

ஹாலுக்குள்ள புகை போட்டா அலாரம் அடிச்சு தீயணைப்பு வண்டியே வந்துடாதா?

வந்துவிடும், அதற்கான பில்லும் சங்கத்துக்கு வரும். வழி மூன்று. ஊர்த் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்கி, அந்தப் பகுதி அலாரத்தை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு நிறுத்தி, அதுவரை காவலுக்கு ஒரு ஆளை நிற்க வைப்பது முதல் வழி. கட்டடத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். ஆட்டத்தையும் ஹோமத்தையும் வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோவது இரண்டாவது. துனுச்சிக்குள் சிறு மின்விளக்கு வைத்துப் புகையில்லாமல் ஆடுவது மூன்றாவது.

எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. அக்டோபர்க் குளிரில் திறந்தவெளியில் புகை மேலே ஏற, டாக் முழங்க ஆடுவதற்கு ஈடில்லை. மணல் வாளி இரண்டு, தீயணைப்பான் ஒன்று, ஈரத் துண்டு நாலு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆடி முடித்த கங்கைக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

என் பொண்ணு பரதநாட்டியம் கத்துக்கறா. அவங்க மேடையில ஆட விடுவாங்களா?

சந்தோஷமாக விடுவார்கள். பல வங்காளிப் பிள்ளைகளே பரதமும் ஒடிசியும் கற்கிறார்கள். சங்கத்தின் கலைநிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். தனி ஆட்டத்துக்குப் பொதுவாக நாலைந்து நிமிடம்தான் கிடைக்கும், முழு வர்ணத்துக்கு அங்கே இடமில்லை. அம்மனைப் பற்றிய சின்ன உருப்படியாக எடுங்கள். ‘ஐகிரி நந்தினி’ எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் இரண்டு மூன்று குழுக்கள் அதையே எடுத்துவிடும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முருகன் உருப்படி எடுத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். வங்காளிகளின் கார்த்திக் மயில்மேல் அமர்ந்த கட்டழகன், பிரம்மச்சாரி. வள்ளியிடம் அவர் காதல் பேசுவதைக் கண்டால் விழிப்பார்கள். தொகுப்பாளரிடம் இரண்டு வரி விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் ரசித்துப் பார்ப்பார்கள். அதேபோல் கணேசர் பக்கத்தில் சிவப்புக்கரைப் புடவை கட்டி நிற்கும் வாழைக்கன்றை அவர் மனைவி என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். உண்மையில் அது ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டிய நவபத்திரிகா, துர்கையின் வடிவமே.

மேடைத் தரை மரமா என்று கேளுங்கள். கான்கிரீட்மேல் கம்பளம் மட்டும் விரித்திருந்தால் தட்டடவு முழங்காலைப் பதம் பார்க்கும். அம்மன் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றும் கேட்டு, முதல் நமஸ்காரத்தை அந்தத் திசையில் அமையுங்கள்.

பாட்டு டிராக் எப்படிக் கொடுக்கணும்? போன தடவை பாதியில நின்னுடுச்சு.

ஒரே கோப்பாக, தொடக்கத்து மௌனத்தை வெட்டி, பெயரில் பிள்ளையின் பெயரும் வரிசை எண்ணும் போட்டு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். இணையத்திலிருந்து நேரே ஓட்டுவதாக இருந்தால் பள்ளி அரங்கின் வைஃபை நடுவில் கைவிடும். பாதியில் நிற்பதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். தனி பென்டிரைவில் ஒரு பிரதி கையிலும் இருக்கட்டும்.

நேரடியாகப் பாடுகிறவர்களுக்கு ஆர்மோனியத்துக்கு ஒன்று, தபலாவுக்கு இரண்டு, குரலுக்கு ஒன்று என நாலு மைக் வேண்டும். ஆர்மோனிய மைக்கைத் துருத்திப் பக்கம் வைத்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

நிகழ்ச்சி நாலு மணின்னு போட்டு ஆறுக்கு ஆரம்பிக்கறாங்க. ஏன் எப்பவுமே லேட்?

பூஜையின் கடிகாரம் வேறு, மேடையின் கடிகாரம் வேறு என்பதால். எடுத்துக்காட்டு சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி நாழிகையும் நவமியின் முதல் நாழிகையும் சேர்ந்த 48 நிமிடம் அது. 108 விளக்கு ஏற்ற வேண்டும், 108 தாமரை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மேடையில் பாட்டு ஓடினால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஓடவும் கூடாது. பஞ்சாங்க நேரப்படி செய்யும் சங்கங்களில் இந்திய நேரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் கணக்கு ஒன்று வேறு. நியூயார்க்கில் அப்போது ஒன்பதரை மணி நேரம் கழிக்க வேண்டும்.

புஷ்பாஞ்சலி இன்னொரு காரணம். கூட்டம் கூடக் கூட ஒரு தடவை சொல்ல வேண்டிய மந்திரத்தை நாலு தடவை சொல்வார்கள். அது முடியும்வரை பலர் சாப்பிடுவதில்லை, ஆகையால் மதியச் சாப்பாடும் தள்ளிப்போகும். பிள்ளைக்கு ஒப்பனை போடுமுன் பூஜை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அச்சடித்த நிகழ்ச்சி நிரலைவிட அதுதான் சரியாகச் சொல்லும்.

கொல்கத்தாவிலிருந்து பாடகர் வர்றார்னு போட்டு கடைசியில வரலையே?

பெரும்பாலும் விசா. கலைஞர்கள் பி-3 (P-3) என்ற விசா வகையில் வருகிறார்கள். அழைப்பவர் முதலில் அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் மனுப்போட வேண்டும், பிறகு பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். தபலாக்காரர் ஒருவருக்குத் தாமதமானாலும் கச்சேரி தடுமாறும். செலவைப் பகிர, ஒரு பாடகரை அடுத்தடுத்த வார இறுதிகளில் பல ஊர்ச் சங்கங்கள் அழைக்கின்றன. சில சங்கங்கள் பூஜையையே ஒரு வாரம் முன்பின்னாக வைப்பதற்கு அரங்கோடு இதுவும் காரணம்.

எங்க பிள்ளைங்களுக்குத் தமிழே தகராறு. அவங்க பிள்ளைங்க எப்படி வங்காளி நாடகம் போடறாங்க?

வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஆகஸ்டு முதல் ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் ஒத்திகை நடக்கும். எட்டு வாரம் ஒரே வரிகளைச் சொல்லிச் சொல்லி, பொருள் பின்னால் வந்து சேரும். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகள் வங்காளியில் அதிகம் பேசுவது அந்த எட்டு வாரத்தில்தான். அதனால்தான் மேடை தரமாக இல்லையென்று சொல்பவர்களோடு நாங்கள் உடன்படுவதில்லை. மொழி புரியாத பார்வையாளருக்குக் கதைச்சுருக்கம் அரைப்பக்கம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். இல்லையென்றால் பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்.

சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா?

பல சங்கங்களில் இது தீராத வழக்கு. பெரியவர்களுக்குத் தாகூர் வேண்டும், இளையவர்களுக்கு இந்திப் பாட்டு வேண்டும். நடைமுறைத் தீர்வு: ஆரத்திக்கு முன் பக்தியும் மரபும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சினிமா. அம்மன் இருக்கும் அரங்கும் மேடையும் ஒன்றே என்றால் சினிமாவைத் தவிர்ப்பதே மரியாதை.

இன்னொரு சிக்கல், நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றியதும் சினிமாப் பதிவு ஓடிய பகுதியில் ஒலி அடைக்கப்படும். தாகூரின் எழுத்துக்கு இந்தியாவில் பதிப்புரிமை 2001 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அவர் பாடலை யாரோ பாடிய இசைத்தட்டு பதிவு செய்தவருக்கே சொந்தம். ஆகவே பதிவை ஓட்டி ஆடினால் தாகூர் பாட்டுக்கும் இதே கதி நேரலாம்.

சிந்தூர் விளையாட்டுல தமிழ்ப் பெண்கள் கலந்துக்கலாமா?

கலந்துகொள்ளலாம். தசமியன்று சுமங்கலிகள் வெற்றிலையால் அம்மன் முகத்தை ஒற்றி, நெற்றியில் சிந்தூரம் இட்டு, வாயில் இனிப்பு ஊட்டி விடைகொடுப்பார்கள். பிறகு ஒருவருக்கொருவர் வகிட்டிலும் வளையலிலும் இட்டு, கடைசியில்தான் கன்னம். குலவைச் சத்தம் நம் ஊர்க் குலவையேதான். மணமாகாதவர்களையும் கணவரை இழந்தவர்களையும் இப்போது பல சங்கங்கள் அழைத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். சிந்தூரக் கறை லேசில் போகாது. பட்டுப் புடவையையும் நடன உடை போட்ட பிள்ளைகளையும் தள்ளியே வையுங்கள்.

கடைசியில சிலையை ஆத்துல கரைப்பாங்களா?

பெரும்பாலும் இல்லை. 2006-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொல்கத்தாக் கைவினைஞர்கள் செய்த துர்கையைத் தேம்ஸில் கரைத்தார்கள். அப்படி அனுமதி கிடைப்பது அபூர்வம். அமெரிக்காவில் இருப்பவை கொல்கத்தாவின் சிலை செய்வோர் பகுதியான குமார்டுலியில் நெட்டியாலோ கண்ணாடியிழையாலோ செய்து, மரப்பெட்டியில் கப்பலேற்றி வரும் சிலைகள். நாலைந்து வருஷமாவது வைத்துப் பூஜிப்பார்கள்.

பூசாரி ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அம்மன் பாதம் தெரியும்படி கண்ணாடி ஒன்றை அதில் சாய்ப்பார். எல்லோரும் வரிசையில் வந்து தண்ணீரில் தெரியும் பாதத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். கலசத்தை நகர்த்தியதும் விசர்ஜனம் முடிந்தது. சாந்தி நீர் தெளித்த பிறகு பெரியவர்கள் காலில் விழுந்து, சம வயதினர் தழுவி, இனிப்புக் கொடுப்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது “ஷுபோ பிஜோயா”. அம்மன் விடைபெறும் முன் அதைச் சொல்வதில்லை. அப்புறம் சிலையைப் பெட்டியில் ஏற்ற ஆள் தேவைப்படும். கண்ணாடியிழை என்றாலும் ஆறு பேராவது பிடிக்க வேண்டும், பத்துக் கைகளையும் ஆயுதங்களையும் முதலில் கழற்றித் துணியில் சுற்ற வேண்டும்.